செதுக்கணி கொண்ட கேப்புச் சுழல்துப்பாக்கிகள்: சேகரிப்பும் சான்றாய்வும்

1.0 முன்னுரை

பழம்பொருள் சேகரிப்பு ஒரு காலத்தில் செல்வர்களின் பொழுதுபோக்காக மட்டுமே கருதப்பட்டது. இன்று அது கலை வரலாறு, தொழில்நுட்ப வரலாறு, அருங்காட்சியகவியல் ஆகிய துறைகளோடு பிரிக்க இயலாத தொடர்புடையதாக வளர்ந்துள்ளது. நாணயம், அஞ்சல்தலை, ஓவியம் போன்றவற்றின் சேகரிப்பை நம்மவர் நன்கறிவர். அவ்வளவாக அறியப்படாத ஒரு பிரிவு, 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டுக் கைவினைஞரால் செதுக்கணி பெற்ற சுழல்துப்பாக்கிகளின் சேகரிப்பாகும்.

2022ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற ஏலமொன்றில், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் தளபதியும் பின்னாளில் அதிபருமான யுலிசிஸ் கிராண்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட ஓர் இணை ரெமிங்டன் சுழல்துப்பாக்கிகள் 51 இலட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. இரும்புக்கும் தந்தத்துக்கும் இவ்விலை இல்லை. அதே அளவு செதுக்கு வேலைப்பாடு நிறைந்த வேறொரு துப்பாக்கி, செதுக்கப்படாத நிலையில் பெற்றிருக்கக்கூடிய விலையைக்கூடப் பெறாமற் போவதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? செதுக்கணி கொண்ட துப்பாக்கியின் மதிப்பு அதன் அழகில் மட்டும் அடங்குவதன்று. உலோகம், செதுக்கிய கை, எழுத்துப் பதிவு ஆகிய மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்பதில்தான் அது தங்கியுள்ளது. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2.0 கேப்பு முறையின் தோற்றமும் காலமும்

சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் முறையே 18ஆம் நூற்றாண்டு முழுவதும் வழக்கில் இருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியாரான அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1820களில் அவ்வேதிப்பொருளை உள்ளடக்கிய சிறு செம்பு மூடி பரவலாயிற்று. இம்மூடியின் ஆங்கிலப் பெயரே, தீபாவளிக் காலத்தில் நம் சிறுவர் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் 'கேப்பு' என்னும் சொல்லாகத் தமிழில் வழங்குகிறது. ஆகவே இம்முறையில் இயங்கும் துப்பாக்கியைக் கேப்புச் சுழல்துப்பாக்கி என்றே இங்குக் குறிப்பிடுகிறோம்.

இத்துப்பாக்கியின் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் முன்புறமிருந்து வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, குழலின் அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்துவர். அறையின் பின்புறமுள்ள சிறு முளையின்மீது கேப்பைப் பொருத்துவர். சுத்தியல் கேப்பைத் தட்ட, தீ முளையின் துளைவழியே அறைக்குள் பாயும். தோட்டா என நாம் இன்று கூறும் உலோக உறையிட்ட வெடிபொருள் இதில் இல்லை.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் 1814இல் பிறந்த சாமுவேல் கோல்ட், 1836இல் தம் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சனில் அவர் தொடங்கிய முதல் நிறுவனம் 1842இல் நொடித்துப்போயிற்று. மெக்சிகப் போரின்போது, 1847இல், சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவரின் ஆலோசனையோடு உருவான பெருந்துப்பாக்கியே கோல்ட்டை மீண்டும் நிலைநிறுத்தியது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள அத்துப்பாக்கிகளுள் 1,000 அரசுக்காகவும் 100 பிறருக்காகவும் செய்யப்பட்டன. அதன் பின்னர் வெளிவந்த 1849ஆம் ஆண்டுச் சட்டைப்பை மாதிரி, 1851ஆம் ஆண்டுக் கடற்படை மாதிரி, 1860ஆம் ஆண்டுத் தரைப்படை மாதிரி ஆகியன இலட்சக்கணக்கில் விற்பனையாயின. இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கி கோல்ட்டுக்குப் போட்டியாக அமைந்தது.

பின்புறம் முழுத் துளையிட்ட உருளைக்கான ரோலின் வைட்டின் காப்புரிமை ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் வசம் இருந்தமையால், பிற அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1869வரை கேப்பு முறையையே பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது. அதன்பின் பழைய கேப்புத் துப்பாக்கிகள் பல, தோட்டா முறைக்கு மாற்றியமைக்கப்பட்டன. எனவே மாற்றத்திற்கு உட்படாமல் தப்பியவை என்ற நிலையிலும் இவை அருமையுடையன.

3.0 அச்சும் உளியும்

இத்துப்பாக்கிகளில் காணப்படும் அணிகளை இரு வகைப்படுத்தலாம். முதலாவது, உருட்டு அச்சால் பதிக்கப்படும் காட்சி. கோல்ட் உருளைகளின்மீது காணப்படும் காட்சிகளை நியூயார்க்கைச் சேர்ந்த பணத்தாள் செதுக்குநரான வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி வடிவமைத்தார். வாக்கர் மாதிரியின் உருளையில் டெக்சஸ் ரேஞ்சர் படையினர் கொமாஞ்சி மக்களோடு பொருதும் காட்சியும், 1849 மாதிரியில் பயணவண்டிக் கொள்ளைக் காட்சியும், 1851 மாதிரியில் 1843ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் டெக்சஸ் கப்பல்கள் மெக்சிகக் கப்பல்களோடு நிகழ்த்திய போரும் இடம்பெற்றன. இவை ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் ஒரே வகையாகப் பதிக்கப்பட்டவை. பணத்தாளில் உள்ள நுண்கோடுகளைப் போலவே, போலிகளிலிருந்து உண்மைப் பொருளை வேறுபடுத்தவும் இக்காட்சிகள் பயன்பட்டன.

இக்காட்சிகள் யாருடைய பார்வையிலிருந்து வரையப்பட்டவை என்பதும் நோக்கத்தக்கது. கொமாஞ்சிக் குதிரைவீரர் உருளையில் தோற்றோடுவோராகவே காட்டப்படுகின்றனர். தம் நிலத்தின்பொருட்டுப் போரிட்ட ஒரு மக்களின் தோல்வியை விற்பனை அடையாளமாக மாற்றிய உண்மையையும் அந்த அழகிய கோடுகள் தாங்கி நிற்கின்றன.

இரண்டாவது வகை, தனித்தனியே கையால் செதுக்கப்படும் அணியாகும். இதுவே சேகரிப்பாளர் தேடும் அருமைப்பொருள். சிற்றுளியைக் கையால் தள்ளியோ சிறு சுத்தியலால் தட்டியோ குழல், சட்டகம், சுத்தியல், பிடியின் பட்டைகள் ஆகியவற்றில் கொடிகளும் இலைகளும் விலங்குத் தலைகளும் செதுக்கப்பட்டன. நம் கோயிற் சிற்ப மரபில் கொடிக்கருக்கு என வழங்கும் வேலைப்பாட்டை இவ்வணி நினைவூட்டுகிறது எனலாம். சிறப்பு வேண்டுகோளின்பேரில் வெள்ளி முலாமும் பொன் பதிப்பும் தந்தப் பிடியும் சேர்க்கப்பட்டன.

இத்தகைய துப்பாக்கிகளைக் கோல்ட் வணிக உத்தியாகவே பயன்படுத்தினார். ஆட்சியாளர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அன்பளிப்பாக வழங்கி, அவர்தம் அரசுகளின் கொள்முதலை நாடினார். பொன் பதித்த 12406 என்னும் எண்ணுடைய டிராகூன் துப்பாக்கி இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் இணை 1854இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலசுக்கு வழங்கப்பட்டு ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.

4.0 செதுக்கிய கையை அறிதல்

கேப்புக் காலத்துச் செதுக்குநர் பலர் தம் பெயரைப் பொறித்தாரல்லர். ஆதலின் செதுக்கிய கையை நடையைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய கலைஞர்களே அமெரிக்கத் துப்பாக்கிச் செதுக்குக் கலையை வளர்த்தவருள் முதன்மையானோர். 1850களில் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட்டுக்காகப் பணியாற்றிய குஸ்தாவ் யங், நெருங்கிச் சுருளும் கொடிகளுக்கும், அக்கொடிகளின் இடைவெளியை நிரப்பும் நுண்புள்ளித் தளத்துக்கும் பெயர்பெற்றவர். சுத்தியலின் பக்கத்தில் ஓநாய்த் தலை ஒன்றைச் செதுக்குவதும் அக்காலக் கோல்ட் துப்பாக்கிகளில் அடிக்கடி காணப்படும் கூறாகும்.

நியூயார்க்கில் பணியாற்றி 1904இல் மறைந்த நிம்ஷ்கே, பின்வந்தோருக்கு அரியதொரு சான்றை விட்டுச் சென்றார். தாம் செதுக்கிய பரப்பின்மீது மையிட்டுத் தாளை அழுத்திப் படியெடுத்து, அப்படிகளை ஓர் ஏட்டில் ஒட்டிவைத்தார். கல்வெட்டாய்வாளர் கல்லிலிருந்து மைப்படி எடுக்கும் முறைக்கு இது மிக நெருங்கியது. அவ்வேடு 1965இல் நூலாக வெளிவந்தது. அதற்குமுன் ஊகமாக மட்டும் இருந்த பல செய்திகளை அதன்பின் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. முன்னர்க் கூறிய கிராண்டின் இணைத் துப்பாக்கிகளும் நிம்ஷ்கேயின் கைவண்ணமாகவே கொள்ளப்படுகின்றன.

எனினும் நடையை மட்டுமே கொண்டு முடிவு கூறுதல் பிழைக்கு இடந்தரும். ஒரு பட்டறையில் தலைமைக் கலைஞரோடு மாணாக்கரும் பணியாற்றினர். ஒருவரின் வடிவத்தை மற்றவர் பின்பற்றினர். ஆதலின் 'யங் செதுக்கியது' என்பதற்கும் 'யங் நடையைச் சார்ந்தது' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நேர்மையுள்ள பட்டியலாளர் பேணுவர்.

5.0 உலோகம் கூறும் சான்று

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில், ஏலத்திற்கு முந்தைய பார்வை நாள் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். அங்கு வைக்கப்பட்டிருந்த 1849 மாதிரித் துப்பாக்கி ஒன்றின் குழல் முழுவதும் கொடிக்கருக்குப் படர்ந்திருந்தது. அதன் அழகில் நாம் ஈடுபட்டு நின்றபோது, அருகிலிருந்த முதிய சேகரிப்பாளர் ஒருவர் தம் உருப்பெருக்கியை நம்மிடம் தந்து, குழலின் பக்கத்திலிருந்த துருக்குழி ஒன்றைப் பார்க்குமாறு கூறினார். செதுக்கிய கோடு அக்குழிக்குள் இறங்கி, அடியில் தெளிவாக ஓடி, மறுபுறம் ஏறியிருந்தது. துரு அரித்த பின்னரே அக்கோடு வெட்டப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கோடு முந்தியதாக இருந்திருப்பின் துரு அதனை உண்டிருக்கும். நூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள எளிய துப்பாக்கி ஒன்று, விலையை உயர்த்தும் நோக்கில் அண்மைக் காலத்தில் செதுக்கப்பட்டிருந்தது. அன்றுவரை அழகையே அளவுகோலாகக் கொண்டிருந்த நாம், எது முதலில் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது என்று வினவக் கற்றது அன்றுதான்.

இக்கால வரிசையே சான்றாய்வின் அடிப்படையாகும். தொழிற்சாலையில் செதுக்கு வேலை, உலோகம் மெருகேற்றப்பட்டு நிறமூட்டப்படும் முன்னரே நடைபெற்றது. அதன் பின்னரே குழலுக்கு நீலமேற்றினர். சட்டகத்தைக் கரியோடு சேர்த்துச் சூடேற்றி மேற்பரப்பை வன்மையாக்கினர். அதனால் பல்வண்ணப் படலம் தோன்றியது. ஆகவே உண்மையான செதுக்கில் மூல நிறத்தின் எச்சங்கள் கோட்டின் பள்ளத்திலும் காணப்படும். பிற்காலச் செதுக்கோ அந்நிறத்தை வெட்டிக்கொண்டு செல்லும். மேலும், வன்மையாக்கிய சட்டகத்தில் உளி எளிதில் இறங்காது. அதனை மீண்டும் சூடேற்றி இளக்கினால் பல்வண்ணப் படலம் அழிந்துவிடும்.

பிற அடையாளங்களும் உள. கோல்ட் துப்பாக்கிகளில் குழல், சட்டகம், விசைக்காப்பு, பிடிப்பட்டை, உருளை முதலிய உறுப்புகளில் வரிசை எண் பொறிக்கப்பட்டது. எண்கள் ஒவ்வாதிருப்பின், வேறு துப்பாக்கியின் உறுப்பு இணைக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். எண்ணோ நிறுவன முகவரியோ தேய்ந்திருக்க, அவற்றை அடுத்துள்ள கொடி மட்டும் கூர்மையாக இருப்பின் ஐயம் வலுப்படும். கைபட்டுத் தேயும் இடங்களில் செதுக்கும் தேய்ந்திருத்தல் இயல்பு. எங்கும் ஒரே கூர்மை காணப்படுதல் இயல்பன்று.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கோல்ட்டின் உரிமத்தோடும் உரிமமின்றியும் செய்யப்பட்ட துப்பாக்கிகளுள் பல நிறைந்த செதுக்கணி கொண்டவை. அவை தம்மளவில் சேகரிக்கத்தக்கனவே எனினும் ஹார்ட்ஃபோர்டில் செய்யப்பட்டவையல்ல. லியேஜ் சோதனை நிலையத்தின் முத்திரை அவற்றை இனங்காட்டும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் செய்யப்பட்ட மறுபடைப்புகளைப் பழமையாக்கி விற்பவரும் உளர். இத்தாலியச் சோதனை முத்திரை அழிக்கப்பட்டிருப்பின், உலோகம் சற்றே தாழ்ந்திருக்கும் அத்தடமே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

6.0 எழுத்துச் சான்றும் அதன் எல்லையும்

உலோகச் சான்றை அடுத்து எழுத்துச் சான்று நோக்கத்தக்கது. 1864ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலையில் ஏற்பட்ட பெருந்தீ அதன் பெரும்பகுதியை அழித்தது. கேப்புக் காலத்து அனுப்புகைப் பதிவுகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. எஞ்சியுள்ள நிறுவன ஆவணங்களுள் பல ஹார்ட்ஃபோர்டில் உள்ள கனெடிகட் மாநில நூலகத்தில் உள்ளன. கோல்ட்டின் துணைவியார் எலிசபெத் கோல்ட் 1905இல் விட்டுச்சென்ற தொகுப்பு, அந்நகரின் வாட்ஸ்வர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தில் உள்ளது. உரிமை வரலாறு ஐயத்திற்கு இடமின்றி அமைந்த இத்தகைய தொகுப்புகளே பிறவற்றை ஒப்பிட்டு நோக்க உதவும் உரைகற்களாம்.

பதிவுகளின் இவ்விடைவெளியே போலிகளுக்கு வாயிலாகிறது. முழுத் துப்பாக்கியைச் செதுக்குவதைவிடப் பிடிப்பட்டையில் ஒரு படைத்தலைவரின் பெயரைப் பொறிப்பது எளிது. விலையோ பன்மடங்கு உயரும். ஆகவே அன்பளிப்பு வாசகத்தைக் காணும்போது சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். வரிசை எண் காட்டும் உற்பத்தி ஆண்டு, வாசகத்தில் உள்ள நாளுக்கு முற்பட்டதா? குறிக்கப்பட்டவர் அந்நாளில் அப்பதவியை வகித்தாரா? எழுத்தின் வடிவம் அக்காலத்ததா? 1863இல் செய்யப்பட்ட துப்பாக்கியில் 1861ஆம் ஆண்டு வாசகம் இருப்பின், எத்தகைய குடும்பக் கதையும் அதனைக் காப்பாற்றாது. வாங்கியவரும் விற்றவரும் தலைமுறைதோறும் தொடர்ந்து அறியப்படும் பொருளுக்கு மிகுந்த மதிப்பு அளிக்கப்படுவதன் காரணமும் இதுவேயாகும்.

7.0 பேணுதலும் சட்டமும்

சேகரிப்பாளர் செய்யக்கூடிய பெரும் பிழை, பொருளைப் 'புதுப்பித்தல்' ஆகும். மங்கிய நிறத்தை அகற்றி மீண்டும் மெருகேற்றினால் செதுக்கின் விளிம்புகள் மழுங்கும். மூல நிறத்தின் எச்சங்கள் மறையும். மேற்கூறிய சான்றுகள் யாவும் ஒருசேர அழியும். அழிந்தவற்றை மீட்க வழியில்லை. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துதல், கையுறையோடு கையாளுதல், காப்பு மெழுகை மெல்லியதாகப் பூசுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே தக்கது. பழைய துப்பாக்கிகளின் அறைகளில் அன்று இட்ட மருந்தும் குண்டும் இன்றும் இருப்பதுண்டு. கரிமருந்து ஈரமின்றி இருப்பின் நெடுங்காலத்திற்குப் பின்னும் வெடிக்கும். எனவே அறைகள் காலியானவை என்பதைத் தேர்ந்தவரைக் கொண்டு உறுதிசெய்யாமல் எத்துப்பாக்கியையும் கையாளுதல் ஆகாது.

சட்ட நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் காட்சிப்பொருளாக வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை முற்றிலும் வேறு. மலேசியாவின் 1960, 1971ஆம் ஆண்டுச் சட்டங்களும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதிப்பவை. ஆகவே நம்மைப் பொறுத்தவரை இத்துறை அருங்காட்சியகத்திலும் நூலிலும் பயிலத்தக்கதேயன்றிக் கைக்கொள்ளத்தக்கதன்று.

தந்தப் பிடியும் தனிச் சிக்கலுக்குரியது. யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க 1989இல் எடுக்கப்பட்ட முடிவு 1990இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2016இலும், சிங்கப்பூர் 2021இலும், பிரிட்டன் 2022இலும் உள்நாட்டுத் தந்த வணிகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. இதனால் பிடியை மாற்றிவிட்டு விற்க முனைவோர் உள்ளனர். பிடியும் சான்றின் ஒரு பகுதி என்பதால், உரிய ஆவணங்களோடு மூலப்பிடியைக் காத்தலே நெறியாகும்.

8.0 முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் செதுக்கணி கொண்ட கேப்புச் சுழல்துப்பாக்கி என்பது அழகிய ஆயுதம் மட்டுமன்று, படிக்கப்பட வேண்டிய ஓர் ஆவணமும் ஆகும் என்பது பெறப்படுகிறது. உலோகத்தின் நிறமும் தேய்வும் அதன் காலத்தைக் கூறுகின்றன. கொடியின் வளைவு கலைஞரைக் காட்டுகிறது. எண்ணும் ஏடும் அதன் பயணத்தை உரைக்கின்றன. இம்மூன்றனுள் ஒன்று மற்றொன்றை மறுக்குமாயின் அழகு எத்துணை மிகினும் அப்பொருள் தன் உரிமைக்கூற்றை இழக்கிறது.

சுவடியையும் கல்வெட்டையும் பயிலும் நமக்கு இம்முறை புதியதன்று. பிற்கால இடைச்செருகலை மூலபாடத்திலிருந்து பிரித்தறிவதும், துருக்குழிக்குள் இறங்கிய கோட்டைக் கண்டறிவதும் ஒரே வகை உழைப்பையே வேண்டுவன. சிதைந்த சுவடியைத் திருத்தமாக எழுதிவிட்டு மூலத்தை எறிந்துவிடும் பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. மங்கிய பழம்பொருளைப் பளபளப்பாக்கிச் சான்றை அழிக்கும் சேகரிப்பாளரும் அவரை ஒத்தவரே. அத்துடன், இப்பொருள்கள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதையும், உருளையின்மீது தோற்றோடுவதாகக் காட்டப்பட்ட மக்கள் யார் என்பதையும் மறவாமல் படிக்கும்போதுதான் அவ்வாவணத்தை முழுமையாகப் படித்தவர் ஆவோம்.